பின்னால் திரும்பி வரும் கொஞ்சம் வெளிச்சம்

கடல்நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான ஆய்வகங்களில் ஒரே ஒரு எண்ணை எழுதிக் கொடுப்பார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் நீரை ஊற்றி, டர்பிடிட்டி மீட்டரில் செருகி, மூடியைச் சாத்திப் பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். பக்கத்தில் என்டியூ என்று ஒரு அலகு. குடிநீர்த் தொட்டிக்கு அது போதும். கடலுக்குப் போதாது என்பது மும்பைக் கரையோர நீரை அளந்து அளந்து எனக்குள் படிந்துபோன எண்ணம். ஒளி நீருக்குள் போய் எந்தத் திசையில் எவ்வளவு சிதறுகிறது என்பதுதான் கடலில் கேள்வி. அந்த மீட்டரோ ஒளி போகும் திசைக்கு 90 டிகிரியில் மட்டும் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறது.

நான் தாராவியில் பிறந்து சயானில் வளர்ந்தவள். இயற்பியல் படித்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களோடு சேர்ந்து இந்த அளவீட்டைச் செய்கிறேன். பெரிய நிறுவனங்களிடம் இருக்கிற விலை உயர்ந்த கருவிகள் எங்களிடம் இல்லை. லேசர், படும் ஒளியை மின்னோட்டமாக மாற்றும் போட்டோடயோடு, சுழலும் கை, கறுப்புப் பெட்டி என்று நாங்களே கட்டியதுதான் எங்கள் கருவி. இதே மாதிரி செய்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் விஷயங்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் உதவும் என்று தோன்றியது.

முதலில், எதை அளக்கப் போகிறோம் என்பது. தூய்மையான நீரில் ஒளியைச் சிதறடிப்பவை நீர் மூலக்கூறுகள். அங்கே முன்பக்கம் போவது பாதி, பின்பக்கம் வருவது பாதி. வண்டலும் பாசியும் சேர்ந்தால் இந்தச் சமன் குலைந்துவிடும். ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துகள், ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கித்தான் தள்ளும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பெட்சோல்ட் 1972ல் வெளியிட்ட அளவீடுகளை இந்தத் துறையில் இன்றைக்கும் எடுத்துப் பார்க்காதவர்கள் இல்லை. பஹாமாஸ் பக்கத்துத் தெளிந்த கடல், கலிஃபோர்னியாவின் கரையோரம், சான் டியேகோ துறைமுகம் என்று மூன்று வகை நீர் அதில் உண்டு. துறைமுக நீரில் பின்பக்கம் திரும்பும் ஒளி, சிதறும் மொத்த ஒளியில் 2 சதவீதம் அளவுதான். பாதிக்கு மேல், ஒளி போகும் நேர்த்திசையிலிருந்து முதல் சில டிகிரிகளுக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. 0.1 டிகிரியில் இருக்கிற வலுவையும் 90 டிகிரியில் இருக்கிற வலுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கைத் தாண்டும்.

அந்த 2 சதவீதத்தின் மேல்தான் எனக்குக் கண். ஏனென்றால் வானத்திலிருந்து கடலைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்குக் கிடைப்பது அதுதான். 1999ல் ஏவப்பட்ட இந்தியாவின் ஓஷன்சாட் 1, 2009ல் போன இரண்டாவது, 2022 நவம்பரில் போன மூன்றாவது எல்லாமே கடலின் நிறத்தைப் படிக்கிற சென்சாரைச் சுமந்தவை. சூரிய ஒளி நீருக்குள் இறங்கி, அதில் திரும்பி மேலே வருகிற சிறு பங்கை வைத்துத்தான் பச்சையம் எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். ஆழ்கடலில் இந்தக் கணக்கு நன்றாக நிற்கும். மும்பை மாதிரிச் சேற்றுக் கரையில், சேறு திருப்பி அனுப்பும் ஒளியைப் பாசியின் கணக்கில் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் நிறுவனம் மீனவர்களுக்குச் சொல்லும் மீன்வளப் பகுதி அறிவிப்புகளுக்குக் கடலின் வெப்பநிலையும் இந்தப் பச்சைய அளவும்தான் அடிப்படை. அதனால் நம் கரையோர நீர் நிஜமாகவே எவ்வளவு ஒளியைப் பின்னால் திருப்புகிறது என்று நீரில் இறங்கி அளந்து சொல்ல ஆள் வேண்டும். இதைச் சின்ன வேலை என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

சரி, கருவி. கொள்கை எளிது. வட்டமான கண்ணாடித் தொட்டியில் நீர். ஒரு பக்கத்திலிருந்து லேசர் கற்றை நடுவே போகும். தொட்டியைச் சுற்றி நகரும் கையில் போட்டோடயோடு. ஒவ்வொரு கோணத்திலும் நிறுத்தி நிறுத்தி அளவெடுக்க வேண்டும். சிக்கல் எல்லாம் வரக்கூடாத வெளிச்சம் வருவதில்தான் இருக்கிறது.

கற்றை தொட்டியின் மறுபக்கத்தைத் தொடும் இடத்தைக் கவனியுங்கள். கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும்போது சுமார் 4 சதவீத ஒளி அப்படியே திரும்பிவிடும். திரும்பிய கற்றையும் நீருக்குள் போகும்போது சிதறத்தான் செய்யும், அதுவும் தன் முன்பக்கமாக. அதன் முன்பக்கம் என்பது நமக்குப் பின்பக்கம். ஆக, 150 டிகிரியில் டிடெக்டரை, அதாவது அந்தப் போட்டோடயோடை, வைத்தால் அங்கே உண்மையான பின்சிதறலோடு, திரும்பி வந்த கற்றை 30 டிகிரியில் சிதறடித்த ஒளியும் சேர்ந்து விழும். 30 டிகிரிச் சிதறல் 150 டிகிரிச் சிதறலைவிடப் பல பத்து மடங்கு பெரியது. அதில் வெறும் 4 சதவீதம் கலந்தாலே உண்மையான அளவுக்கு நிகராக நின்றுவிடும். கருவியில் எண் அழகாக வரும், ஆனால் பாதி நீருடையது, பாதி கண்ணாடியுடையது.

இதற்கு விடை தாராவியில் கிடைத்தது. எங்கள் பெட்டியைச் செய்து தந்தவர் அங்கே தகரப் பட்டறை வைத்திருக்கும் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. உள்பக்கம் கறுப்படிக்க வேண்டும் என்றதும், "பளபளன்னு அடிச்சுத் தரவாம்மா?" என்று கேட்டார். "பளபளப்பே கூடாது அண்ணாச்சி, பள்ளிக்கூடப் போர்டு மாதிரி மங்கலா இருக்கணும்" என்றேன். கரும்பலகைப் பெயிண்ட்டே வாங்கி அடித்தார். பிறகு லேசர் எங்கே போய் முடியும் என்று கேட்டார். அதுதான் பிரச்சினை, அது போய் விழுகிற இடத்தில் செத்துப் போகணும், கொஞ்சம்கூடத் திரும்பி வரக்கூடாது என்று விளக்கினேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவரில் மாட்டியிருந்த வெல்டிங் முகமூடியிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். "சூரியனையே முழுங்கிரும் இது. கொண்டுட்டுப் போங்க, எங்கிட்ட வேற இருக்கு."

அந்தக் கண்ணாடியைத்தான் தொட்டிக்குள், நீரில் மூழ்கும்படி, 45 டிகிரி சாய்த்து நிறுத்தியிருக்கிறோம். நீருக்கும் கண்ணாடிக்கும் ஒளிவிலகல் எண்ணில் அதிக வித்தியாசம் இல்லாததால் நீருக்குள் இருக்கும் கண்ணாடி ஒரு சதவீதம்கூடத் திருப்பாது. திருப்புகிற சொற்பமும் சாய்வினால் தொட்டியின் அடிப்பக்கம் போய்விடும். மீதியைக் கறுப்புக் கண்ணாடி விழுங்கிவிடும். வாங்கும்போது தங்கப் பூச்சுப் போட்ட வகையைத் தவிர்த்துவிடுங்கள், அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பிரதிபலிக்கும். பெயிண்ட் அடித்த பாகம் எதுவும் நீரைத் தொடுவதாக இருந்தால், காய்ந்த பிறகு சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பெயிண்ட்டிலிருந்து உதிரும் பொடியும் ஒளியைச் சிதறடிக்கும்.

லேசர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லேமிங்டன் ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் பச்சை லேசர் பாயிண்டர்களில் 532 நானோமீட்டர் பச்சையோடு, கண்ணுக்குத் தெரியாத 808, 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் கசிவது உண்டு. சிலிக்கான் போட்டோடயோடுக்கு அகச்சிவப்பு நன்றாகவே தெரியும். நீங்கள் பச்சையை அளப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, அது இரண்டையும் கூட்டிச் சொல்லும். அகச்சிவப்பை வெட்டும் ஃபில்டர் போட வேண்டும், அல்லது 650 நானோமீட்டர் சிவப்பு டயோடு லேசரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் சிவப்பைத்தான் ஆரம்பத்துக்குச் சொல்வேன். எந்த லேசராக இருந்தாலும் சூடேற ஏற வலு மாறும். கற்றையில் கொஞ்சத்தைக் கண்ணாடித் துண்டால் பிரித்து இன்னொரு போட்டோடயோடுக்கு அனுப்பி, எப்போதும் இரண்டின் விகிதத்தையே எழுதுங்கள். ஒவ்வொரு கோணத்திலும் லேசரை அணைத்து ஓர் அளவு, எரியவிட்டு ஓர் அளவு. முன்பக்கத்துச் சின்னக் கோணங்களுக்குப் போகும்போது கண்ணை ஒருபோதும் அந்த மட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கணக்கில் ஒரு திருத்தம் கட்டாயம். டிடெக்டர் 90 டிகிரியில் நேராகப் பார்க்கும்போது கற்றையின் ஒரு சின்னத் துண்டு தெரியும். சாய்வாகப் பார்க்கும்போது நீளமான துண்டு தெரியும். அதனால் ஒவ்வொரு அளவையும் அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கியாக வேண்டும். 30 டிகிரியில் இது பாதியாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிற அளவு சின்னத் திருத்தம் இல்லை.

இனி நீர். உண்மையில் கருவியைவிட நீரைக் கையாள்வதில்தான் அளவீடு தேறுவதும் கெடுவதும்.

மும்பைக் கடலில் எந்த நாள், எந்த நேரம் என்பது எல்லாவற்றையும் மாற்றிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிதாக இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் மாறும். அத்தனை நீர் தாணே க்ரீக் என்ற கடற்கழிக்குள்ளும் மாஹிம் குடாவுக்குள்ளும் புகுந்து வெளியேறும்போது அடியில் கிடக்கும் சேறெல்லாம் கிளம்பிவிடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதே இடம் எவ்வளவோ தெளிந்திருக்கும். ஒரே நாளிலும் நீரோட்டம் வேகமாக இருக்கும் நடு நேரத்தில் ஒரு கலங்கல், நீர் நின்று திரும்பும் நேரத்தில் ஒரு கலங்கல். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் ஓத அட்டவணையில் மும்பைக்கு அப்போலோ பந்தர் கணக்கு இருக்கிறது. கிளம்பும் முன்பு அதைப் பார்த்து, எடுக்கும் ஒவ்வொரு குப்பியிலும் மணியோடு ஓதத்தின் நிலையையும் எழுதிவிடுங்கள். கரையோரக் கலங்கல் பற்றி ஒரு தனியார் ஆலோசனை நிறுவனம் தந்த அறிக்கை ஒருமுறை என் மேசைக்கு வந்தது. பக்கம் பக்கமாக எண்கள். எடுத்த நேரம் எதிலும் இல்லை. அத்தனை பேர் உழைப்பும் வீண் என்று மனசு ஆறவே இல்லை.

வெர்சோவாவிலிருந்து, மும்பையின் மீனவச் சமூகமான கோளிக்காரர்களின் படகில் போவோம். அவர்களுக்கு எங்கள் வேலை இப்போது அத்துப்படி. இன்ஜினை அணைத்து, புரொப்பெல்லர் கிளப்பிய நுரையும் சேறும் ஓட்டத்தோடு விலகிப் போன பிறகு, படகின் முன்பக்கத்திலிருந்து குப்பியை முழங்கை ஆழத்துக்கு இறக்கி, நீருக்குள்ளேயே திறந்து, நிரம்பியதும் நீருக்குள்ளேயே மூட வேண்டும். மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் உள்ளே வரக்கூடாது. குப்பியின் தலையில் காற்று நிற்கக்கூடாது. நின்றால் வண்டியில் வரும் வழியெல்லாம் குலுங்கிக் குமிழியாகும், சேற்றுத் திரளைகளும் உடையும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக் காலம் என்பதாலும் மழைக்காலக் கடல் என்பதாலும் அப்போது படகு கிடையாது; படித்துறையிலிருந்து எடுப்பதோடு சரி.

திரளை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் கடலின் களிமண் துகள்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. உப்பு நீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, நடுநடுவே நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு மிதக்கின்றன. கையால் பலமாகக் குலுக்கினால் உடையும், ஊசிக் குழலில் உறிஞ்சினால் உடையும், பம்ப்பில் விட்டால் பொடிப்பொடியாகும். உடைந்தால் எடை மாறாது, ஆனால் ஒளி படும் பரப்பு கூடிவிடும், சிதறல் கூடிவிடும். குலுக்காமலே விட்டாலோ அடியில் படிந்துவிடும். தெளிந்த ரசத்தை மேலாக இறுத்துக்கொண்டு மண்டியை விட்டுவிடுகிற மாதிரி, மேல் நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிவிட்டு அதையே கடல் என்று எழுதக்கூடாது. குப்பியை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தி, திரும்பக் கவிழ்த்து, அகலமான குழாய் வழியாகத் தொட்டியின் அடியிலிருந்து நிரப்புவதுதான் எங்கள் வழக்கம். சில மணி நேரத்துக்குள் அளந்துவிடுகிறோம். அதுவரை இருட்டில், குளுமையில் வைப்போம். ஃப்ரீசரில் வைப்பது கூடவே கூடாது.

குளுமையில் வைத்த நீரை அப்படியே எடுத்து ஊற்றினால் மும்பைக் காற்றின் ஈரம் தொட்டியின் வெளிப்பக்கத்தில் வேர்த்துப் படியும். அது போதும் அளவைக் கெடுக்க. சரி, அறை வெப்பத்துக்கு வரட்டும் என்று தொட்டியிலேயே வைத்தால், சூடேறும் நீரிலிருந்து காற்று பிரிந்து கண்ணாடிச் சுவரில் சின்னச் சின்னக் குமிழிகளாக ஒட்டும். குமிழி பின்பக்கம் ஒளியைத் திருப்புவதில் பலே ஆள். அதனால் குப்பியிலேயே, மூடியபடி, அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தொட்டிக்கு மாற்றுங்கள்.

அடுத்தது நீர் அதிகமாகக் கலங்கியிருக்கும்போது வரும் தொல்லை. ஒரு முறை சிதறிய ஒளி டிடெக்டருக்கு வரும் முன்பே இன்னொரு துகளில் பட்டு மறுபடி சிதறும். அப்போது கோணம் என்பதற்கே அர்த்தம் போய்விடும். தெரிந்துகொள்ள வழி, நீரைப் பாதியாக நீர்க்கச் செய்து மறுபடி அளப்பது. சிதறலும் பாதியானால் நல்லது. பாதிக்கும் மேலே நின்றால், அல்லது கோணத்துக்குக் கோணம் அளந்து வரைந்த வளைகோட்டின் வடிவமே மாறினால், இன்னும் நீர்க்க வேண்டும். நீர்க்கச் செய்ய வடிநீரை, அதாவது காய்ச்சி வடித்த நீரை, ஊற்றிவிடாதீர்கள். உப்பு குறைந்தால் களிமண் திரளைகள் பிரியத் தொடங்கும், நீரின் ஒளிவிலகல் எண்ணும் மாறும். அதே இடத்தில் எடுத்த கடல்நீரை 0.2 மைக்ரோமீட்டர் ஃபில்டரில் வடிகட்டி, அதைத்தான் சேர்க்க வேண்டும். துகள் இல்லாத நீர் என்ன அளவு காட்டும் என்ற அடிமட்டக் கணக்குக்கும் இந்த வடிகட்டிய நீரே உதவும். கூடவே, ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை எடை பார்த்த ஃபில்டரில் வடித்து, உலர்த்தி, மறுபடி எடை பார்த்து ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் வண்டல் என்று குறித்துக்கொள்கிறோம். வடித்த பிறகு வடிநீரால் ஃபில்டரை ஓரம் வரை நன்றாகக் கழுவாவிட்டால், தங்கிய உப்பையும் சேர்த்து எடை போட்டுவிடுவோம். இங்கே வடிநீர் சரி, மேலே சொன்ன இடத்தில் தவறு; பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதைத்தான்.

டர்பிடிட்டி மீட்டரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. படகில் கையோடு கொண்டுபோக அது வசதி. ஆனால் அதன் எண்ணோடு கருவியின் வகையையும் எழுதுங்கள். டங்ஸ்டன் விளக்கில் அளக்கும் வகை ஒன்று, 860 நானோமீட்டர் அகச்சிவப்பில் அளக்கும், ஐஎஸ்ஓ 7027 என்ற சர்வதேசத் தரநிலைப்படியான வகை ஒன்று. இரண்டையும் ஃபார்மாசின் கரைசலை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள், அந்தக் கரைசலில் இரண்டும் ஒத்துப்போகும். நம் சேற்று நீரில் வைத்தால் ஒத்துப்போகாது, ஏனென்றால் ஃபார்மாசின் துகள் வேறு, மும்பைச் சேறு வேறு. ஃபார்மாசினைச் சொந்தமாகக் கலக்கவும் வேண்டாம். அதில் சேரும் ஹைட்ரசீன் சல்ஃபேட் நச்சு, புற்றுநோய் அபாயமும் உண்டு. பிரின்ஸஸ் ஸ்ட்ரீட் கடைகளில் கேட்டுத் தயார் கரைசலாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கருவி கட்ட வசதி இல்லாத பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் பின்சிதறலைப் பார்க்கலாம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921ல் இங்கிலாந்து போய்விட்டு நர்குண்டா கப்பலில் திரும்பியபோது செய்ததைச் செய்தால் போதும். கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்பது இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலி பிரபு சொல்லி எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்த கருத்து. ராமன், ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற நிக்கோல் பட்டகத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, நீரின் மேல் பிரதிபலிக்கும் வான் ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் அழுத்தமானது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் நேச்சர் இதழுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கும் முகவரி பம்பாய்த் துறைமுகம், தேதி செப்டம்பர் 26. எங்கள் படகு போய்வரும் இதே கரை என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

நிக்கோல் பட்டகத்துக்குப் பதில் கேமராக் கடையில் கிடைக்கும் போலரைசிங் ஃபில்டரோ போலராய்டு கூலிங்கிளாஸோ போதும். கேட்வேயிலிருந்து எலிஃபண்டா போகும் படகின் மேல்தளம் நல்ல இடம். பிரதிபலிப்பு முழுசாக வெட்டுப்படுவது செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது. கண் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் 4 மீட்டர் தள்ளியிருக்கும் நீரைப் பாருங்கள், கோணம் சரியாக அமைந்துவிடும். சூரியன் எதிரே இல்லாமல் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருக்கட்டும். ஃபில்டரைச் சுற்றச் சுற்ற மேலே மினுங்கும் வானம் அணைந்துபோய், பழுப்பும் பச்சையுமாக நீரின் சொந்த நிறம் எழுந்து வரும். அது சேறும் பாசியும் பின்னால் திருப்பிவிட்ட வெளிச்சம். போனில் படம் எடுப்பதானால் எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் பூட்டிவிட்டு எடுங்கள், ஒரு ஓரத்தில் வெள்ளைத் தாள் ஒன்றும் தெரியட்டும். இல்லாவிட்டால் காலையில் எடுத்த படத்தையும் வற்றத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிட முடியாது.